34 வயதில் டாக்டருக்குப் படிக்கலாமா?

கேள்வியைப் படிக்காதவர்களுக்காக முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். "அக்கா, எனக்கு 34. கும்பகோணத்தில் பிபிடி முடித்து, கல்யாணமாகி டர்பன் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது, பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். ஆறு வயதில் ஒரு மகள். டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்ற ஆசை விடவே மாட்டேன் என்கிறது. மாமியார், 'நீ படிச்சது போதும், பிள்ளையை டாக்டர் ஆக்கு' என்கிறார். 40 தாண்டி முடித்தால் யார் மதிப்பார்கள்? படிப்பு மண்டையில் ஏறுமா?"

நான் மதுரைக்காரி. 17 வயதில் எம்பிபிஎஸ் சேர்ந்தேன், இங்கே தென்னாப்பிரிக்காவுக்கு வந்து, வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கான போர்டு பரீட்சை எழுதி, 25 வருஷமாக அரசு ஆஸ்பத்திரிகளில் இருக்கிறேன். இன்டர்ன்களை மேய்ப்பது என் வேலையில் பாதி. ஃபேமிலி மெடிசினில் ஸ்பெஷலிஸ்ட் ஆனது 47 வயதில். 42 வயதில் அந்தப் பயிற்சிக்கு இடம் கேட்டுப் போய் நின்றபோது ஒரு துறைத் தலைவர் சிரித்துக்கொண்டே, "நீங்கள் முடிப்பதற்குள் ரிட்டயர்மென்ட் கேக் ஆர்டர் பண்ண வேண்டியிருக்குமே" என்றார். அவர் பெயர் வேண்டாம். அவர் எனக்கு முன்னால் கேக் வெட்டிவிட்டுப் போய்விட்டார். ஆக, சின்ன வயதில் சேர்ந்த அனுபவமும் உண்டு, நரை வந்தபின் பரீட்சை எழுதிய அனுபவமும் உண்டு.

மண்டையில் ஏறுமா என்பதைச் சீக்கிரம் முடித்துவிடலாம், ஏனென்றால் எல்லோரும் பயப்படுவது அதற்குத்தான், அதில்தான் பயப்பட ஒன்றும் பெரிதாக இல்லை. மனப்பாடம் குறையும், அது உண்மை. பயோகெமிஸ்ட்ரி சுழற்சிகளை 19 வயதுப் பையன் ஒரு ராத்திரியில் விழுங்குவான், உங்களுக்கு ஒரு வாரம் ஆகும். ஆனால் நீங்கள் பிசியோ. கைக்குப் போகும் நரம்புப் பின்னலை அவன் படமாகப் பார்க்கும்போது, உங்களுக்கு மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தோளைத் தூக்க முடியாமல் வந்தவரின் முகம் ஞாபகம் வரும். தசை, எலும்பு, மூச்சுப் பயிற்சி, பக்கவாதம் எல்லாம் உங்கள் கையிலேயே இருக்கிறது. கஷ்டம் ஃபார்மகாலஜியிலும் எம்பிரியாலஜியிலும்தான் வரும். அங்கே குழுவாகச் சேர்ந்து படியுங்கள், வெட்கப்படாமல் சின்னப் பிள்ளைகளிடம் கேளுங்கள். வயதில் மூத்த மாணவர்கள் சறுக்கியதை நான் பார்த்தது பெரும்பாலும் அறிவால் இல்லை, கேட்கக் கூச்சப்பட்டதால்.

சட்டப்படி யாராவது தடுப்பார்களா என்றும் ஊரிலிருந்து வந்தவர்கள் கேட்பது வழக்கம். ஊரில் நீட் பரீட்சைக்கு 25 வயது என்று ஒரு வரம்பு வந்து, நீதிமன்றம் வரை போய், 2022 மார்ச்சில் தேசிய மருத்துவ ஆணையம் அதை எடுத்துவிட்டது. அந்த 25 இன்னும் நம் மனதை விட்டுப் போகவில்லை. இங்கே அரசியலமைப்பின் 9ஆம் பிரிவு, நியாயமற்ற பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களின் பட்டியலில் இனம், பால், மதத்தோடு வயதையும் பெயர் சொல்லியே வைத்திருக்கிறது. ஆனால் உதவித்தொகை விளம்பரங்களில் அவரவர் போடும் வயது வரம்பு இருக்கலாம், அதை வரி வரியாகப் படியுங்கள்.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். நீங்கள் உங்கள் வயதை மட்டும் எழுதிப் பார்த்திருக்கிறீர்கள். இந்தப் படிப்பை முடிவு செய்வது உங்கள் வயதைவிட வீட்டில் இருக்கும் மற்றவர்களின் வயது. ஒரு தாள் எடுத்து நீங்கள், கணவர், மகள், மாமியார், ஊரில் இருக்கும் அப்பா என்று ஐந்து கட்டம் போடுங்கள். மாமியாருக்கு 66, அப்பாவுக்கு 67 என்று எழுதியிருந்தீர்கள்.

டர்பனிலேயே குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் எம்பிசிஎச்பி, நம் ஊர் எம்பிபிஎஸ் மாதிரி, ஆறு வருஷம். 35இல் சேர்ந்தால் 40 முடியும்போது பட்டம். அதோடு முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அதற்கப்புறம் இரண்டு வருஷம் இன்டர்ன்ஷிப், அப்புறம் ஒரு வருஷம் சமூக சேவை, எல்லோரும் 'காம்சர்வ்' என்பது அதைத்தான், 1998இல் வந்தது. இந்த மூன்று வருஷமும் முடிந்தால்தான் டாக்டர்களைப் பதிவு செய்யும் கவுன்சிலான எச்பிசிஎஸ்ஏ உங்களைச் சொந்தப் பொறுப்பில் வேலை செய்ய விடும். ஆக, சுதந்திரமாகக் கையெழுத்துப் போடும்போது உங்களுக்கு 44. மகளுக்கு 16. மாமியாருக்கு 76. அப்பாவுக்கு 77.

இன்னொரு வழி ஜோஹன்னஸ்பர்க்கில். விட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஏற்கனவே பட்டம் வைத்திருப்பவர்களுக்காக 'ஜெம்ப்' என்று ஒன்று 2003இலிருந்து நடக்கிறது. பட்டதாரிகள் நேரே மூன்றாம் வருஷ மாணவர்களோடு சேர்ந்துகொள்வார்கள், நாலு வருஷத்தில் முடியும். அதற்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு, அடிப்படை அறிவியல் பாடங்களைக் கேட்பார்கள். உங்கள் பட்டம் இந்தியப் பட்டம் என்பதால் எங்கே விண்ணப்பித்தாலும் சாக்கா, அதாவது இங்கே கல்வித் தகுதிகளைச் சரிபார்க்கும் அமைப்பு, தரும் மதிப்பீட்டுச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும், அதை இன்றைக்கே தொடங்குங்கள். இந்த வழியில் 42இல் முடித்துவிடலாம். ஆனால் டர்பனுக்கும் ஜோஹன்னஸ்பர்க்குக்கும் நடுவே கிட்டத்தட்ட 570 கிலோமீட்டர் இருக்கிறது. என்-3 சாலையில் ஆறு மணி நேரம், வான் ரீனன் கணவாயில் மூடுபனியோ லாரி விபத்தோ இருந்தால் எவ்வளவு ஆகும் என்று சொல்ல முடியாது. இரண்டு வருஷம் மிச்சம் பிடிக்கிறோம் என்று போய், மகளின் ஏழு வயதிலிருந்து பத்து வயது வரை வார இறுதியில் மட்டும் பார்க்கும் அம்மாவாக இருப்பீர்கள். அது மிச்சமா நஷ்டமா என்று நான் சொல்ல மாட்டேன். குடும்பத்தோடு அங்கே பெயர்ந்து போய் நன்றாக முடித்தவர்களையும் எனக்குத் தெரியும்.

இந்தத் தாளில் நான் சிவப்பில் கோடு போடச் சொல்வது அந்த இன்டர்ன்ஷிப் இரண்டு வருஷத்துக்கும் காம்சர்வ் ஒரு வருஷத்துக்கும்தான். ஆள் உடைவது அங்கேதான். படிக்கும்போது விடுமுறை உண்டு, பாடத்தை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் படிக்கலாம், மகள் ஹோம்வொர்க் செய்ய நீங்கள் பக்கத்தில் பேத்தாலஜி படிக்கலாம். இன்டர்ன் ஆனதும் நேரம் உங்களுடையது இல்லை. ஒரே மூச்சில் 24 மணி நேரம் டியூட்டி, அதன்மேல் ஒப்படைத்துவிட்டுப் போக இரண்டு மணி நேரம், ஆக 26. முன்பு 30 வரை இருந்தது, எச்பிசிஎஸ்ஏ குறைத்தது. பொது மருத்துவம், குழந்தைகள், அறுவை, பிரசவம், மயக்க மருந்து, எலும்பு, மனநலம் என்று துறை துறையாகச் சுற்ற வேண்டும். எந்த ஆஸ்பத்திரி என்பதை நாடு முழுக்க ஒரே கணினி முறையில் ஒதுக்குவார்கள், விருப்பம் கொடுக்கலாம், கிடைத்தே தீரும் என்று இல்லை. குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பு உள்ளவர்களுக்கும்தான் முதலில் இடம். உங்கள் தாள்கள் இன்னும் வாழ்க்கைத்துணை விசாவிலேயே ஓடுகிறதென்றால் படிப்புக்கு முன்னால் அதைச் சரிசெய்யுங்கள்.

என்னிடம் வந்த ஒரு இன்டர்ன், அவருக்கு 41. பதினைந்து வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். என் இத்தனை வருஷத்தில் பார்த்த மிகச் சுத்தமான கேஸ் ஷீட் அவருடையது. காம்சர்வுக்கு அவருக்குக் கிடைத்தது வீட்டிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி ஒரு சின்ன ஊர். மூன்றாம் மாதம் அவர் அப்பாவுக்குப் பக்கவாதம், இங்கே வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பாதியில் நிறுத்திவிட்டு வந்தார். அப்புறம் மறுபடி இடம் கேட்டு, காத்திருந்து, இரண்டு வருஷம் தள்ளித்தான் முடித்தார். 24 வயதுப் பிள்ளையின் அப்பாவுக்குப் பெரும்பாலும் 50 சொச்சம்தான் இருக்கும், அவருடைய அப்பாவுக்கு 74. வயது என்றால் இதைத்தான் சொல்கிறேன்.

உடம்பைப் பற்றியும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். இரவு டியூட்டி முடித்து 25 வயதுக்காரர்கள் நாலு மணி நேரம் தூங்கிவிட்டுக் கடற்கரைக்குப் போவார்கள். எனக்கு 42க்கு மேல் ஒரு இரவு விழித்தால் இரண்டு நாள் ஆகும் ஆள் ஆக. கண் இன்னொன்று. 40ஐ ஒட்டி எல்லோருக்கும் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும் திறன் தளரும், அதற்கு விதிவிலக்கே கிடையாது. குழந்தைகள் வார்டில் ஒரு இன்டர்ன் அம்மா, 43 வயது, பிறந்து மூன்று நாள் ஆன குழந்தையின் கையில் ஊசிக்குழாய் ஏற்ற முயன்றுகொண்டிருந்தார். ராத்திரி இரண்டரை மணி. நூல் மாதிரி ஒரு ரத்தக்குழாய். ஒரு தடவை தவறியது, இரண்டாவது தடவையும் தவறியது, நெற்றியில் வேர்வை. நான் பக்கத்தில் போய்ப் பார்த்தால் கண்ணாடி சட்டைப்பையில் இருக்கிறது. "போட்டால் வயசானவள் மாதிரி தெரியும் டாக்டர்" என்றார். போடச் சொன்னேன். மூன்றாவது தடவை ஏறியது. அடுத்த நாளிலிருந்து கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார், வார்டு சிஸ்டர்கள் எல்லோரும் அவரிடமே இரவல் வாங்க ஆரம்பித்தார்கள்.

உடம்பு கைவிடுவது எல்லா வயதிலும் நடக்கக்கூடியது என்பதற்கு இந்த நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 1967 டிசம்பரில் கேப் டவுனில் உலகத்தின் முதல் மனித இதய மாற்று அறுவையைச் செய்தபோது கிறிஸ்டியான் பார்னார்டுக்கு 45 வயது. கைமூட்டு வாதம் அவரை ரொம்ப நாளாகவே படுத்திக்கொண்டிருந்தது, 1983இல் அறுவையை விட்டே விலகினார். ஆகவே, கையை நம்பி மட்டும் ஒரு துறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பேன். 44 வயதில் அறுவை சிகிச்சையில் ரெஜிஸ்ட்ரார், அதாவது ஸ்பெஷலிஸ்ட் பயிற்சியில் இருக்கும் டாக்டர், ஆகப் போகிறேன் என்றால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசியுங்கள், ஃபேமிலி மெடிசின், மனநலம், குழந்தைகள் என்றால் நானே பரிந்துரைக் கடிதம் எழுதித் தருகிறேன்.

ஸ்பெஷலிஸ்ட் ஆக வேண்டுமா என்பதும் இங்கே வருகிறது. ரெஜிஸ்ட்ரார் காலம் துறையைப் பொறுத்து நாலைந்து வருஷம், அதற்கு முன் மெடிக்கல் ஆபீசராகக் கொஞ்ச காலம், ஸ்பெஷலிஸ்ட் தேர்வுகளை நடத்தும் காலேஜஸ் ஆஃப் மெடிசின் அமைப்பின் பரீட்சைகள், போதாததற்கு ஆராய்ச்சிக் கட்டுரையும் வேண்டும். ஐம்பதைத் தொட்டுவிடும். அரசு வேலையில் 65 வரை இருக்கலாம், ஆக மிச்சம் 15 வருஷம். போதாதா? எனக்குப் போதும் என்று தோன்றியது. ஆனால் அது இல்லாமலும் இங்கே நல்ல வழி இருக்கிறது, அதே காலேஜஸ் நடத்தும் டிப்ளமாக்கள், மயக்க மருந்தில், குழந்தை நலத்தில், எச்ஐவி சிகிச்சையில். வேலை பார்த்துக்கொண்டே எழுதலாம். மாவட்ட ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டிப்ளமா வைத்திருக்கும் ஒருவர் எவ்வளவு பெரிய ஆள் என்பது, நடு ராத்திரி சிசேரியனுக்கு ஆள் தேடியவர்களுக்குத்தான் தெரியும்.

யார் மதிப்பார்கள் என்றீர்கள். நோயாளிகள் மதிப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, சில சமயம் தேவைக்கு மேலேயே. ஒரு நாள் ரவுண்ட்ஸில் ஒரு கோகோ, அதாவது ஜூலுப் பாட்டி, படுக்கையில் எழுந்து உட்கார்ந்தார். எங்கள் மெடிக்கல் ஆபீசர் 27 வயதுப் பெண், அவர்தான் முடிவெடுப்பவர். பக்கத்தில் நின்ற இன்டர்னுக்கு 42, காதோரம் நரை. பாட்டி அந்தப் பெண்ணை ஏறெடுத்தும் பார்க்கவில்லை, மூச்சுத் திணறல், கால் வீக்கம், மருமகள் மாத்திரை தர மறந்தது வரை எல்லாவற்றையும் இன்டர்னிடமே சொன்னார். இன்டர்ன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கோகோ, இவர்தான் பெரிய டாக்டர்" என்றார். பாட்டி நம்பவில்லை. உங்களுக்கு இதன் மறுபக்கமும் நடக்கும், 27 வயதுப் பெண் எல்லோர் முன்னாலும், "இந்த ரத்தப் பரிசோதனை ஏன் இன்னும் போகவில்லை?" என்று கேட்பார். அது அவர் வேலை. ஒன்பது வருஷம் சீனியர் பிசியோவாக இருந்தவருக்கு அந்தக் கேள்வி எங்கே குத்தும் என்பதை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலு மொழி பேச வருகிறதா? பிசியோ என்பதால் "குபுஹ்லுங்கு குபி?", எங்கே வலிக்கிறது, என்ற அளவுக்காவது வரும். குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தில் 2014இலிருந்து மாணவர்கள் ஜூலு ஒரு பாடமாகவே படிக்க வேண்டும். நம்மவர்கள் பலர் முப்பது வருஷம் இங்கே இருந்தும் "சாவுபோனா", அதாவது வணக்கம், என்பதோடு நின்றுவிடுகிறார்கள், எனக்கு அதில் கொஞ்சம் கோபமே உண்டு. வயதாகிவிட்டது, நாக்கு திரும்பாது என்பார்கள். 44 வயதில் நான் திருப்பினேன்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. என்எஸ்எஃப்ஏஎஸ் என்ற அரசு மாணவர் நிதி முதல் பட்டத்துக்குத்தான், இரண்டாவது பட்டம் என்றால் அதை நம்பி உட்காராதீர்கள். மாகாண சுகாதாரத் துறையின் உதவித்தொகை கிடைத்தால் எத்தனை வருஷம் வாங்கினீர்களோ அத்தனை வருஷம் அவர்கள் சொல்லும் இடத்தில் வேலை செய்ய வேண்டும், அந்த வருஷங்களையும் தாளில் சேருங்கள். நாலோ ஆறோ வருஷம் உங்கள் சம்பளம் இல்லாமல் வீட்டுக்கடன் போகுமா என்று கணவரோடு உட்கார்ந்து பாருங்கள். இன்டர்ன் ஆனதும் அரசுச் சம்பளம் வரும், கூடுதல் நேரப் படியும் வரும். ஆனால் காம்சர்வ் முடிந்ததும் நாற்காலி காத்திருக்கும் என்ற காலம் போய்விட்டது. முடித்த டாக்டர்கள் வேலை இல்லாமல் தெருவில் பதாகை பிடித்து நின்று, 2025 ஏப்ரலில்தான் சுகாதார அமைச்சர் மொட்சொலெடி 1,200 டாக்டர்களை எடுப்பதாக அறிவித்தார். 44 வயதில் வேலை தேடி நிற்பது 27இல் நிற்பது மாதிரி இருக்காது. டர்பனில் நம்மவர்கள் நிறைய இருக்கும் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ சொந்தமாகக் கிளினிக் போடும் யோசனை இருந்தால், அங்கே நரை நல்ல முதலீடு.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர் என்றால் அவரிடம் டாக்டர் குணம் கதையைக் கேளுங்கள், தெரிந்திருக்கும். 1906இல் டர்பனில் பிறந்த தமிழ்ப் பெண், 1928இல் கப்பலேறி எடின்பரோ போனார். இங்கே அப்போது இந்தியப் பிள்ளைகளுக்கு மருத்துவம் படிக்க இடமே கிடையாது, டர்பனில் நம்மவர்களும் கறுப்பர்களும் படிக்க மருத்துவப் பள்ளி வந்ததே 1950களின் தொடக்கத்தில்தான். 1936இல் அவர் டாக்டராகத் திரும்பும்போது வயது 30. அந்தக் காலத்தில் 30 வயதில் கல்யாணமாகாத பெண் என்றால் ஊர் என்ன பேசியிருக்கும் என்று உங்கள் மாமியாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்காவின் முதல் இந்தியப் பெண் டாக்டர் அவர். பின்னால் தன் சுயசரிதைக்கு அவர் வைத்த பெயரே 'கூலி டாக்டர்'.

இப்படிக் கேட்டால், ஆப்பிரிக்காவில் ஆஸ்பத்திரி நடத்திய ஐரோப்பிய டாக்டர் ஆல்பர்ட் ஷ்வைட்சரையும் எல்லோரும் இழுப்பார்கள். 30 வயதில் மருத்துவம் சேர்ந்து 38இல் காபோன் போனார் என்பார்கள், சரிதான். ஆனால் அவர் மனைவி ஹெலன் நர்ஸ் பயிற்சி எடுத்துக்கொண்டு அவரோடு கிளம்பினார் என்பதை ஒருவரும் சொல்ல மாட்டார்கள். தாமதமாகச் சேர்ந்து முடித்தவர்கள் பின்னால் இப்படி ஒருவர் இருப்பார். உங்களுக்கு அது யார்? கணவர் என்றால் அவருக்கு சாம்பார் வைக்கத் தெரியுமா, மகளின் டீச்சர் பெயர் தெரியுமா? கிண்டலுக்குக் கேட்கவில்லை. என் 42ஆவது வயதில் என் வீட்டுக்காரருக்கு இரண்டும் தெரியாது, முதல் வருஷம் நாங்கள் 'பன்னி சாவ்' என்று இங்கே கடையில் விற்கும், ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றிய சாப்பாட்டிலேயே உயிர் வாழ்ந்தோம்.

உங்கள் நிலைமையில் நான் என்ன செய்வேன் என்று கேட்டால், டர்பனை முதலில் எழுதுவேன், ஆறு வருஷமானாலும் பரவாயில்லை என்று. அப்பாவுக்கு 74 ஆகும்போது நீங்கள் இன்டர்ன், கும்பகோணத்திலிருந்து நடு ராத்திரி போன் வந்தால் அடுத்த விமானத்தில் ஏற முடியாது, விடுப்பில் போன நாள்களை இன்டர்ன்ஷிப் முடிவில் ஈடுகட்டவும் வேண்டியிருக்கும். அண்ணனோ தம்பியோ அங்கே இருக்கிறாரா? இருந்தால் இப்போதே பேசி வையுங்கள். மகளுக்கு 13 ஆகும் அந்த வருஷம் அவளுக்கு அம்மா வீட்டில் வேண்டியிருக்கும், மாமியாருக்கு அப்போது 73. இப்போது தடுக்கிற அந்த அம்மாதான் அந்த இரண்டு வருஷம் உங்கள் வீட்டைத் தாங்கப் போகிறவர். அதனால் அவரை ஜெயிக்கப் பார்க்காதீர்கள், தாளை அவரிடமே கொடுத்து அவர் கட்டத்தை அவரையே நிரப்பச் சொல்லுங்கள்.

சாக்கா சான்றிதழ், விசா நிலை, பிபிடி மதிப்பெண் பட்டியல் மூன்றையும் வைத்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள், எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எந்தத் தேதிக்குள் என்று உட்கார்ந்து பார்ப்போம். மாமியார் என்னிடம் பேச வேண்டும் என்றால் தாராளமாகப் பேசுகிறேன். ஞாயிறு மட்டும் வேண்டாம், டியூட்டி.